மந்திரத்தில் இல்லாத வார்த்தை

கல்மேட்டுப் பங்கில் ஒருவன் தான் செய்த பாவத்தைச் சர்வேசுரனிடம் போய்ச் சொல்ல வேண்டுமானால் முதலில் சீட்டு வாங்க வேண்டும். பாவம் செய்வதற்குச் சீட்டு வேண்டாம். அந்த மட்டுக்கும் சௌகரியம்தான்.

சீட்டின் பெயர் மந்திரச் சீட்டு. அதை எழுதிக் கொடுக்கிறவர் உபதேசியார் சவுரிராயன். கோயிலை ஒட்டிய கொட்டகையில் ஒரு மேசையும் ஒரு பெஞ்சும் போட்டு, பெஞ்சில் இவர் உட்கார்ந்திருப்பார். வருகிறவர் தரையில் மண்டியிட்டு, கர்த்தர் கற்பித்த மந்திரம், பிரியதத்த மந்திரம், விசுவாச மந்திரம், உத்தம மனஸ்தாப மந்திரம், பத்துக் கற்பனை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். தேறினால் சீட்டு. சீட்டைக் காட்டினால் பங்குக் குருவான பெரிய சாமி பாவசங்கீர்த்தனம் கேட்பார். பாவசங்கீர்த்தனம் செய்தவருக்குத்தான், ஆண்டவர் உயிர்த்த பாஸ்குத் திருநாளில், நன்மை என்கிற திவ்விய அப்பம். சீட்டு இல்லாதவனுக்கு, மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்கிற கலியாண ஓலையை வாசிக்க மாட்டார்கள். அவன் செத்தால் மணி அடிக்க மாட்டார்கள். மணி அடிக்காததால் செத்தவனுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, இருக்கிறவர்களுக்குத்தான் தலைகுனிவு.

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே பேரணி ஸ்டேஷனில் இறங்கி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லைகளின் ஊடே ஒன்றரை மைல் நடந்தால் கல்மேடு. சவுரிராயனின் தாத்தா ஒரு பஞ்ச காலத்தில், கஞ்சித் தொட்டி வரிசையில் நின்ற நாற்பது பேரோடு ஞானஸ்நானம் வாங்கியவர். அவரிடம் யாரும் மந்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பேரனுக்கு உபதேசியார் உத்தியோகமே கிடைத்திருக்காது. இதைப் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தவர் வேறு யாருமில்லை, பேரன்தான். இந்தக் கதையை அவர் சொல்லும்போது தன்னைப் பற்றிச் சொல்லுவது இதைவிடக் கடுமையாக இருக்கும்.

ஆனால் 1938ஆம் வருஷத்தில் அவருக்குச் சிரிப்பு வராது. அவருக்கு அபாரமான காது. கோயில் நிறைய ஜனங்கள் சேர்ந்து செபம் சொல்லும்போது, கடைசி வரிசையில் ஒருத்தி ஒரு எழுத்தை முழுங்கினால் இவருக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கம் திரும்பி ஒரு விரலைத் தூக்குவார். தூக்கத்தில்கூட, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி அஞ்சம்மாள் இருமினால், "அது மந்திரத்தில் கிடையாது" என்று முனகுவாராம். அஞ்சம்மாள் சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள்.

சீட்டு முறையைக் கொண்டுவந்தவர் பெரிய சாமி. பிரான்சு தேசத்திலிருந்து வந்து முப்பது வருஷமாகிறது. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றவர், பிறகு அதை அங்கிருந்து வெளியே எடுக்கவே இல்லை. சீட்டு வந்த முதல் வருஷம் பிரசங்கத்தில் அவர் சொன்னதைக் கல்மேட்டில் இன்றைக்கும் சொல்லுவார்கள்.

"பிரியமான கிறிஸ்தவர்களே, சர்வேசுரன் மனுஷனுடைய இருதயத்தைப் பார்க்கிறார். நாமோ அவ்விதம் பார்க்க வல்லவர் அல்லோம். ஆகையால் நாம் சீட்டைப் பார்க்கிறோம்."

சீட்டை அச்சடிக்கச் சவுரிராயன் திண்டிவனத்துக்குப் போனார். அச்சாபீஸ்காரர் ராஜாமணி, உங்கள் சாமிக்குப் பாவத்தைக் கேட்கச் சீட்டு வேண்டுமா என்று விசாரித்தார். சாமிக்கு வேண்டாம், எங்களுக்குத்தான் வேண்டும் என்றார் இவர். ராஜாமணி அதற்குச் சிரிக்கவில்லை. அப்போதுதான் அச்சேறி ஈரமாகக் கிடந்த ஒரு நோட்டீசை எடுத்துக் காட்டினார். தேர்வடத்தில் எந்தத் தெருக்காரர் எத்தனை முழத்தைப் பிடிக்கலாம் என்று அதில் பதினெட்டு வரி இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டார்கள்.

சீட்டைக் கொண்டுவந்தவர் பெரிய சாமி என்றாலும், சீட்டுக்கு விதிகள் எழுதியவர் சவுரிராயன். மொத்தம் பதினான்கு. மண்டியிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்பது மூன்றாவது விதி. நடுவில் இருமினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது ஆறாவது. கலியாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் இருவரோடு பெண்ணின் தகப்பனும் அந்த வருஷத்துச் சீட்டு வைத்திருக்க வேண்டும், எவனும் தன்னைத் தானே பரிட்சித்துக்கொள்ளக் கூடாது என்பது பதினோராவது. பன்னிரண்டாவது விதியை மலேரியாக் குளிரில் நடுங்கிக்கொண்டே எழுதினார். உபதேசியாரைக் கொண்டு முடியாத காரியத்தில், அந்த வருஷம் பிழையே இல்லாமல் தேறியவர் பரிட்சை நடத்தலாம் என்பது அது. அப்படி யாரும் தேறப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதிய விதி.

ஏனென்றால் மூன்று பிழை வரைக்கும் பாஸ் உண்டு, அதற்கு மேல் யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஆனால் பிழை என்றால் வார்த்தையை விடுவது மட்டும்தான். ஒரு வார்த்தையைச் சொந்தமாகச் சேர்த்தால் அந்த இடத்திலேயே பெயில். இது பெரிய சாமியின் தீர்ப்பு. விடுகிறவன் மறதிக்காரன், சேர்க்கிறவன் திருச்சபையைப் பிளந்த லூத்தருக்குத் தம்பி என்றார்.

கல்மேட்டில் லூத்தருக்கு ஒரு தங்கை இருந்தாள். பெயர் குப்பம்மாள். நடவுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போகிறவள். புருஷன் காலராவில் போய்விட்டான். அவள் எல்லா மந்திரத்தையும் தண்ணீர்பட்ட பாடாகச் சொல்லுவாள். விசுவாச மந்திரத்தில் ஓரிடம் வந்ததும் மட்டும் தடம் மாறிவிடும். "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு, மரித்து, ஐயோ பாவம், அடக்கஞ் செய்யப்பட்டார்" என்பாள்.

சவுரிராயன் விரலைத் தூக்குவார். "குப்பம்மா, அந்த வார்த்தை மந்திரத்தில் கிடையாது."

"தெரியுங்க ஐயா. செத்துட்டாருன்னு சொல்லிட்டு சும்மா தாண்டிப் போவ மனசு வரலைங்க."

"மூணாம் நாள் உயிர்த்தெழுந்தாரே, அப்புறம் என்ன பாவம்?"

"அது மூணாம் நாளுங்களே. இது அன்னிக்கிங்களே."

சவுரிராயன் பெரிய சாமியிடம் போய் விவரம் சொன்னார். சாமி இரண்டு நாள் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, 'ஐயோ பாவம்' என்பது வேதத்துக்கு விரோதமான பதிதம் அல்ல, ஆனாலும் அதிகம், அதிகமும் ஆகாது என்று முடிவு சொன்னார். லூத்தர் கதையையும் சொல்லி அனுப்பினார். லூத்தர் எந்த ஊர்க்காரர் என்று குப்பம்மாள் கேட்டாள். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. ஆறு பாஸ்குத் திருநாளிலும் எல்லோரும் நன்மை வாங்கப் போகும்போது அவள் தூணோரமாக முழங்காலில் நின்று, போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சவுரிராயனுக்கு அது கண்ணில் படும். விதி என்று ஒன்று இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு வரிசையைச் சரிசெய்யப் போய்விடுவார்.

இனிமேல்தான் அவருடைய சொந்தக் கதை.

சவுரிராயனுக்கு ஒரே மகள், லூர்துமேரி. இருபத்துநாலு வயது. அந்தக் காலத்துக்கு அது ஊர் பேசுகிற வயது. பெண் கேட்டு வந்த இரண்டு பேரை அப்பாவே பெயில் போட்டுத் துரத்தியிருந்தார். ஒருவன் பத்துக் கற்பனையில் ஒன்பதைச் சொல்லி, மோக பாவத்தைப் பற்றிய ஆறாவதை மட்டும் விட்டுவிட்டான். பிழை ஒன்றுதான், பாஸ் போடலாம். ஆனால் அதை மட்டும் ஏன் விட்டான் என்று சவுரிராயன் ஒரு வாரம் யோசித்தார், அதற்குள் அவன் வேறு பெண்ணைப் பார்த்துக்கொண்டான். இன்னொருவனுக்கு இருமல். ஆறாவது விதிப்படி பதினொரு தடவை முதலிலிருந்து தொடங்கி, பன்னிரண்டாம் தடவை எழுந்து ஊருக்கு நடந்துவிட்டான்.

மூன்றாவதாக வந்தவன் பூமாலை. கோலியனூர்ப் பக்கத்துப் பையன், ரயில்வேயில் கீமேன். பேரணியிலிருந்து மயிலம் போகும் பாதையில் தினமும் விடிந்ததும் சுத்தியலோடு நடப்பது அவன் வேலை. தண்டவாளத்தைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற ஆப்புக்குச் சாவி என்று பெயர். தளர்ந்த சாவியைத் தட்டி இறுக்கிக்கொண்டே போவான். லூர்துமேரிக்கு அவனைப் பிடித்திருந்தது. அவனுக்கும் அவளைப் பிடித்திருந்தது. பாஸ்குவுக்குப் பிறகு அவனைத் தெற்கே வெகுதூரம் மாற்றப் போகிறார்கள். பாஸ்குவுக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம், அதில் கலியாணம் கிடையாது. ஆக, தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின திங்கட்கிழமைக்குள் தாலி ஏற வேண்டும். இல்லாவிட்டால் கோலியனூரில் வேறொரு பெண் தயாராக இருப்பதாகப் பையனின் தாய் நாசூக்காகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கையில் மூன்று வாரம் இருந்தது.

பூமாலை கொட்டகையில் வந்து மண்டியிட்டான். வாயைத் திறந்தான். வியர்வைதான் வந்தது. விசுவாச மந்திரத்தையாவது சொல்லு என்றார் சவுரிராயன். "பரலோகத்தையும்" என்று சொல்லிவிட்டு நின்றான். பூலோகம் வரவில்லை. சவுரிராயன் கண்ணை மூடிக்கொண்டு, விரலைத் தூக்காமல், அரைமணி நேரம் காத்துப் பார்த்தார். வரவே இல்லை. நாலாம் நாள் மறுபடி வந்தான். அன்றைக்குப் பரலோகமும் வரவில்லை.

வீட்டில் அஞ்சம்மாள் கேப்பைக்களியை வட்டிலில் ஓசையோடு போட்டாள். "இவனும் போயிட்டான்னா, உங்க சீட்டையே தாலி கட்டச் சொல்லுங்க" என்றாள்.

லூர்துமேரிதான் விஷயத்தைச் சொன்னாள். அவருக்கு மந்திரம் தெரியாமல் இல்லை, நடந்தால்தான் வரும். சின்ன வயசிலிருந்து லைன்மேல் நடந்து நடந்து சொன்னவர், உட்காரவைத்துக் கேட்டால் மறந்துவிடும். பாதையோரம் நடவு நடுகிற பெண்கள் தினமும் கேட்கிறார்கள். இவ்வளவும் உனக்கு எப்படித் தெரியும் என்று அப்பா கேட்கவில்லை. மகளும் சொல்லவில்லை.

அப்படியானால் பரிட்சையை ரயில் பாதையில் நடத்த வேண்டும். ஆனால் மூன்றாவது விதி மண்டியிடச் சொல்லுகிறது. சவுரிராயன் பெரிய சாமிக்கு ஒரு மனு எழுதினார். தன் வாழ்க்கையில் ஒரு விதியைத் தளர்த்தக் கேட்டு அவர் எழுதிய முதல் மனு அது. குப்பம்மாளுக்காக அப்படி ஒன்று எழுதலாம் என்று ஆறு வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை. இதை அவர் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வார்.

சாமி யோசித்தார். மோட்சத்துக்குப் போகும் பாதையைப் பற்றிச் சாஸ்திரத்தில் நிறைய இருக்கிறது, இரும்புப் பாதையைப் பற்றி ஒன்றும் இல்லை என்றார். இல்லாத இடத்தில் தடையும் இல்லை. ஆனால் ரயில்வேயின் சம்மதக் கடிதம் வேண்டும். சவுரிராயன் விழுப்புரம் போய், பாதை இன்ஸ்பெக்டர் துரையின் ஆபீசில் ஒரு பகல் முழுக்கக் கால்கடுக்க நின்றார். மந்திரப் பரிட்சை என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் புரியவில்லை. ஏதோ கண் பரிட்சை போல என்று நினைத்துக்கொண்டு உத்தரவு கொடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களிடமும் விதி இருந்தது. பாதைமேல் நடக்கும் வெளியாள் ஒரு கையில் சிவப்புக் கொடியும் மறு கையில் பச்சைக் கொடியும் பிடித்திருக்க வேண்டும்.

ஆக, மாசி மாதத்து விடியலில், கழுத்தில் செபமாலை, கக்கத்தில் பரிட்சை நோட்டு, இரண்டு கையிலும் இரண்டு கொடி என்று உபதேசியார் தண்டவாளத்தில் போனார். களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருத்தி எந்தக் கட்சி என்று கேட்டாள்.

முன்னால் பூமாலை நடந்தான். நாலு கட்டை தாண்டியதும் அவன் பின்னால் ஆள் வருவதையே மறந்துவிட்டான். மந்திரம் தானாக வந்தது. ஒரு தந்திக் கம்பத்திலிருந்து அடுத்த கம்பத்துக்குள் விசுவாச மந்திரம் முடிந்தது. நடுவில் தளர்ந்த சாவி தென்பட்டால் வார்த்தையைப் பாதியில் நிறுத்தி, சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் காதால் கேட்டுவிட்டு, விட்ட எழுத்திலிருந்து தொடர்ந்தான். ஒரு புள்ளி பிசகவில்லை. சவுரிராயனின் விரல் கொடியைப் பிடித்தபடி சும்மா இருந்தது.

ஒரு மந்திரத்துக்கும் அடுத்த மந்திரத்துக்கும் நடுவே மட்டும் அவன் தாழ்ந்த குரலில் வேறேதோ பேசினான். சவுரிராயன் எட்டிப் போய்க் காது கொடுத்தார்.

"தாயே, இந்த சாவி நேத்தும் லூசா இருந்துச்சு. மெயில்ல கைக்கொழந்தைங்களை வச்சிக்கினு வருவாங்க. நான் பாத்த வரைக்கும் பாத்துட்டேன். பாக்காததை நீ பாத்துக்க."

இது சேர்ப்பா, இல்லையா? மந்திரத்துக்குள்ளே சேர்த்தால்தான் பெயில், இரண்டு மந்திரத்துக்கு நடுவில் சேர்ப்பதற்கு விதி இல்லை. வேறு எவனாவதாக இருந்தால் சவுரிராயன் கொட்டகைக்குப் போனதும் பதினைந்தாவதாக ஒரு விதி எழுதியிருப்பார். இது மாப்பிள்ளை. அதனால் எழுதவில்லை. அன்று பூமாலையின் சீட்டில் பிழைகள் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினார். கல்மேட்டுப் பங்கின் சரித்திரத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அந்தக் கட்டத்தில் ஏறியது. பரிட்சை நடந்த இடம் என்பதற்கு எதிரே கோயில் பெயரை அடித்துவிட்டு மைல் கல்லின் நம்பரைப் போட்டார்.

லூர்துமேரியும் கொட்டகையில் மண்டியிட்டு, இரண்டு பிழையோடு தேறிச் சீட்டு வாங்கினாள். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். அஞ்சம்மாள் அரிசி ஊறவைக்க நாள் பார்த்தாள்.

மூன்றாம் ஓலைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, பெரிய சாமி கூப்பிட்டு அனுப்பினார். மேசைமேல் பதினான்கு விதியும் விரித்து வைக்கப்பட்டிருந்தது. சாமியின் விரல் பதினோராவதின் மேல் இருந்தது.

"சவுரிராயா, பெண்ணின் தகப்பனுடைய சீட்டு எங்கே?"

சவுரிராயன் குனிந்து பதினோராவதை வாசித்தார். ஊருக்கெல்லாம் சீட்டு எழுதியவருக்குச் சீட்டு இல்லை. ஆறு வருஷமாக இவரிடம் யாரும் கேட்டதில்லை, இவரும் நினைத்ததில்லை. சாமி, நான் உபதேசியார் அல்லவா என்றார்.

"எவனும் தன்னைத் தானே பரிட்சித்துக்கொள்ளக் கூடாது என்று எழுதியவர் நீர். மிகவும் நேர்த்தியான விதி. நாம் அதைப் பிரதி எடுத்து நமக்கு மேலான மேற்றிராணியாருக்கும் அனுப்பி, அவர் மெச்சினார். இப்போது எழுதியவனுக்காகவே அதைத் தளர்த்தினால் விதியின் மனம் புண்படும்."

மனுஷன் மனம் புண்படுவதைப் பற்றிச் சாமி ஒன்றும் சொல்லவில்லை. சாமியே கேட்டுச் சீட்டுக் கொடுக்கலாமே என்று இவர் கெஞ்சிப் பார்த்தார். அதற்கும் இவர் எழுதிய பன்னிரண்டாவது விதி குறுக்கே நின்றது. உபதேசியாரைக் கொண்டு முடியாத காரியம் என்றால், அந்த வருஷம் பிழையே இல்லாமல் தேறியவரிடம் போக வேண்டும். அப்படித் தேறியவர் பங்கிலேயே ஒரே ஒரு ஆள்தான். சாமி நோட்டைப் பார்த்துப் பெயரை வாசித்தார். பூமாலை, கீமேன்.

சனிக்கிழமை விடியலில் மாமனார் மறுபடியும் இரண்டு கொடியோடு தண்டவாளம் ஏறினார். பூமாலைக்குச் சங்கடமாக இருந்தது. வேலையை விட்டு நிற்க முடியாது, நடந்துக்கினே சொல்லுங்க என்றான். மண்டியிட வேண்டாமா என்று இவர் கேட்டார். மெயிலுக்கு நேரமாகிறது, மண்டியிட்டால் ஏற்றிவிடுவான் என்றான் அவன்.

சவுரிராயன் விசுவாச மந்திரத்தைக் கம்பீரமாகத் தொடங்கினார். பரலோகத்தையும் பூலோகத்தையும் படைத்து, கன்னிமரியிடத்தில் பிறந்து, போஞ்சு பிலாத்து வரைக்கும் வந்தார். சிலுவையில் அறையுண்டு, மரித்து. அங்கே நின்றுவிட்டார்.

அந்த இடத்தில் எப்போதும் குறுக்கிட்டுப் பழகிய வாய். ஆறு வருஷமாக அவர் அந்த மந்திரத்தைத் தானாகச் சொன்னதே கிடையாது. அடுத்தவர் சொல்ல, தப்பை எடுப்பார். ஊரில் எல்லோருக்கும் எந்தெந்த வார்த்தை வராது என்று அவருக்குத் தெரியும். தனக்கு எது வரும் என்று தெரியாது. இப்போது மரித்து என்றவுடனே அவர் காதில் விழுந்தது குப்பம்மாளின் குரல்தான். ஐயோ பாவம். அது வெளியே வந்துவிடப் போகிறதே என்று பயந்து வாயை இறுக மூடிக்கொண்டார். அதோடு அதற்குப் பின்னால் வர வேண்டியதும் அடைத்துக்கொண்டது. முதலிலிருந்து தொடங்கினார். மரித்து என்ற இடத்தில் மறுபடியும் நின்றார். மூன்றாம் தடவையும் அப்படியே. பத்துக் கற்பனைக்குப் போனார். அதில் நாலுதான் வந்தது. ஆறாவது வரவில்லை.

மயிலத்துப் பக்கம் ஊதல் கேட்டது. பூமாலை அவரைக் கைப்பிடித்துச் சரிவில் இறக்கி நிறுத்தினான். மெயில் தடதடவென்று போயிற்று. ஜன்னலோரம் ஒரு பெண் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே போனாள். பூமாலை அந்தப் பக்கம் பார்த்து உதட்டுக்குள் ஏதோ சொன்னான். சவுரிராயன் கொடி இரண்டையும் கீழே போட்டுவிட்டுச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டார். நாளை மறுநாள் கலியாணம். அதை நிறுத்தப் போவது இவருடைய நாக்கு.

"ஐயா, மந்திரம் இருக்கட்டும்" என்றான் பூமாலை. "இப்ப உங்களுக்கு இன்னா கேக்கணும்னு இருக்குது? அதை கேளுங்க."

சவுரிராயன் யாரிடம் என்பது போல அவனைப் பார்த்தார். பிறகு தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு பேசினார். அவருடைய பேச்சு கொட்டகைப் பேச்சாக இல்லை, சேரிப் பேச்சாக வந்தது.

"தாயே, எம்பொண்ணு நல்லா இருக்கணும். ரெண்டு பேரை நானே வெரட்டிட்டேன். இத்தினி வருசமா உன் வூட்டுலதான் உக்காந்துக்கினு இருக்கறேன், உங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எனக்கு ஒண்ணும் சொல்ல வரலை."

மேல்துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"பாஸ்" என்றான் பூமாலை.

சவுரிராயனுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு மந்திரமும் முடியவில்லை, விட்டது எத்தனை என்று எண்ணவே முடியாது, இது எந்த விதிப்படி பாஸ் என்று எழுந்து நின்று சண்டை பிடித்தார். தன்னைப் பெயிலாக்கச் சொல்லி மாப்பிள்ளையிடம் அவர் வாதாடியது கால்மணி நேரம். பூமாலை பொறுமையாகக் கேட்டான். பிறகு குனிந்து பக்கத்துச் சாவியை ஒரு தட்டுத் தட்டினான்.

"இறுக்கமா இருக்குதா, லூசா இருக்குதான்னு தட்டுனா சத்தம் சொல்லிடும் ஐயா. எண்ணத் தேவையில்லீங்க. பரிட்சை வச்சது நானுதானுங்களே, எழுதுங்க."

பூமாலைக்கு எழுதத் தெரியாது. ஆகையால் சவுரிராயனே தன் பெயரை எழுதி, தன் ஊரை எழுதி, பிழைகள் என்ற கட்டத்தில் பரிட்சகர் சொன்னபடி 'இல்லை' என்று தன் கையாலேயே எழுதினார். அவர் எழுதிய சீட்டுகளிலேயே அப்பட்டமான பொய் அதுதான் என்று அன்றைக்கு நினைத்தார். பூமாலை மசகு அப்பிய கட்டைவிரலை அழுத்தினான். பெரிய சாமி அந்த ரேகையைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, விதி பூரணமாய் நிறைவேறிற்று என்று சந்தோஷப்பட்டார்.

திங்கட்கிழமை கலியாணம் நடந்தது. அஞ்சம்மாள் எல்லோருக்கும் ஓடி ஓடிப் பரிமாறினாள். மல்லாட்டை உருண்டை தீர்ந்துபோகிற அளவுக்குக் கூட்டம். சவுரிராயன் பூசையில் எல்லோரோடும் சேர்ந்து செபம் சொன்னார். கடைசி வரிசையில் யாரோ ஒரு எழுத்தை முழுங்கினார்கள். அவர் திரும்பவில்லை.

புதன்கிழமை விபூதி பூசி முடிந்ததும் கொட்டகையில் அந்த வருஷத்து ஊர்ப் பரிட்சை தொடங்கியது. முதல் ஆளாக வந்து நின்றவள் குப்பம்மாள். இந்தத் தடவை தயாராக வந்திருந்தாள். மூன்று மாதமாக நடவு வயலில் சொல்லிச் சொல்லிப் பழகியிருக்கிறாள், அந்த இடம் வந்தால் பக்கத்தில் நடுகிறவள் இவளைக் கிள்ளுவதாக ஏற்பாடாம். கையில் அந்தக் கிள்ளுகள் கன்றிக் கிடந்தன. ஏழாவது வருஷமும் தூணோரம் நிற்க முடியாது ஐயா, செத்தாலும் நன்மை வாங்கிட்டுச் சாவணும் என்று சொல்லிவிட்டு மண்டியிட்டாள்.

உட்கார்ந்து சொல்லு என்றார் சவுரிராயன். அவள் பயந்துபோய் இன்னும் நேராக மண்டியிட்டாள். வேறு வழி தெரியாமல் இவரும் பெஞ்சை விட்டு இறங்கி எதிரே மண்டியிட்டார்.

மற்ற மந்திரங்கள் எப்போதும் போலத் தண்ணீராக ஓடின. விசுவாச மந்திரம் வந்தது. கன்னிமரி வந்தாள், போஞ்சு பிலாத்து வந்தான். குப்பம்மாளின் குரல் மெதுவாகியது. சிலுவையில் அறையுண்டு என்றாள். மரித்து என்றாள். சட்டென்று முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கண்ணோரம் ஈரம் கசிந்தது. வார்த்தை தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்பது வெளியே தெரிந்தது. ஆனால் விடவில்லை.

"ஐயோ பாவம்" என்றார் சவுரிராயன்.

குப்பம்மாள் கண்ணைத் திறந்தாள். முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள். உபதேசியார் மெய்யாகவே அழுதுகொண்டிருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஆறு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே கண்டிப்போடு, ஆனால் மரியாதை குறையாமல், ஒரு விரலைத் தூக்கினாள்.

"அந்த வார்த்தை மந்திரத்துல கிடையாதுங்க ஐயா."